தண்ணி தெளிச்சு விட்டாச்சு

1993 செப்டம்பர் 9 அன்று அணையின் மதகுகள் இறக்கப்பட்டன. வலது கரையில் இருந்த ஏழு ஊர்களில் கடைசி ஊருக்குள் மறு ஆண்டு ஜூலையில் தண்ணீர் வந்தது. அந்த ஊர்க் குடும்பங்கள் அணைக்குக் கிழக்கே, சமதளத்தில் அரசு கட்டிய வரிசை வீடுகளுக்கு லாரிகளில் கொண்டுவரப்பட்டன. குடியிருப்புக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது. அதை யாரும் சொல்வதில்லை. அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உட்பட எல்லோருக்கும் அது இன்றுவரை புது ஊர்.

புது ஊரின் முதல் தெருவில் வேனிலிருந்து இறங்கிய எடிட்டருக்குக் கண்ணில் பட்ட எல்லோரையும் தெரிந்தது. அவனை ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடமாக இவர்களுடைய முகங்களை நகரத்து மாடியறை ஒன்றில், திரைச்சீலை போட்ட இருட்டில், மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். யார் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார், யார் மனதில்லாமல் ஒன்றைச் சொல்லும்போது காது மடலைத் தடவுவார், யார் ஒரு வாக்கியத்தை நடுவில் போட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றி வந்து மீதியை முடிப்பார் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தபோது, அந்தச் சிரிப்பு எங்கே அறுந்து எங்கே மறுபடி தொடங்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால்தான் பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"முட்டி வலி இப்ப எப்படிங்க இருக்கு?"

பெரியவர் தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்க. படம் வெட்டுறவன்."

"எதை வெட்டுறீங்க?"

பின்னால் வந்துகொண்டிருந்த டைரக்டர் அம்மா சிரித்துவிட்டார். "உங்களைத்தாங்க. நீங்க பேசினதுல முக்கால்வாசியை வெட்டினது இந்தத் தம்பிதான்."

"முட்டி வலியை வெட்டிட்டீங்களா?"

"அது இருக்குங்க" என்றான் எடிட்டர்.

"போங்க தம்பி. வெட்ட வேண்டியதை விட்டுட்டீங்களே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்குள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். நிலத்துக்கு நிலம் கேட்டுப் போராடும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பழைய ஊரில் ஆற்றங்கரை வயலை வைத்திருந்தவர். நிலம் கொடுப்பதாகச் சொன்ன அரசாணை அச்சாகி வந்தது, நிலம் வரவில்லை. நாளடைவில் சைக்கிளுக்கும் பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார். படத்தில் அவர் வரும் இடங்களில் எடிட்டர் வெட்டுவதற்கு அநேகமாக எதுவும் இருந்ததில்லை. அளந்து பேசுபவர்.

"அண்ணி வீட்டுக்குத்தானே போறீங்க? நானும் வர்றேன். நிலக் கேசுக்கு அடுத்த மாசம் விசாரணை. படத்தை அங்க போட்டுக் காட்டலாம்னு சங்கத்துல முடிவு. முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துடணும்" என்றார்.

டைரக்டர் அம்மாவின் வேலைமுறை இது. எடுத்த படத்தை, முடித்துப் பூட்டுவதற்கு முன், அதில் வரும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் எடுத்துப்போய் அவரவர் வரும் பகுதியை அவரவருக்குப் போட்டுக் காட்டுவார். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார், காரணம் கேட்கமாட்டார். முந்தைய படத்தில் மிக நல்ல காட்சி ஒன்று இப்படித்தான் போனது என்று சினிமா வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. அது உண்மையா என்று எடிட்டர் கேட்டபோது, "நல்ல காட்சிதான். அவங்களோடது" என்று மட்டும் சொன்னார். விளம்பரப் படங்களும் தொடர்களும் வெட்டிப் பழகிய எடிட்டருக்கு ஆரம்பத்தில் இது பிடிபடவில்லை. "டாக்டர் மருந்துச் சீட்டை நோயாளிகிட்ட காட்டி, சரியான்னு கேட்டா எழுதுறாரு?" என்று ஒருநாள் கேட்டான். "எங்க வலிக்குதுன்னு கேட்டுத்தானே எழுதுறாரு" என்றார் அவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், தோளில் ஒரு துணிப்பை, அதில் லேப்டாப், ஹெட்போன், ஒரு சின்ன கேமரா. ஊர்க்காரர்கள் அவரை விருந்தாளியாக நடத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். யார் வீட்டு வாசலில் செருப்பு எங்கே விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு விதியும் அவருக்கு உண்டு. அணையில் ஊர் இழந்தவர்களைப் பற்றிய படங்களை அவர் நிறையப் பார்த்தவர். எடிட்டருக்கும் போட்டுக் காட்டியிருந்தார். பல மொழிகள், பல நாடுகள். எல்லாவற்றிலும் ஒரு காட்சி இருந்தது. நீர்த்தேக்கத்தின் கரையில் ஒருவர் நின்று தண்ணீரை நோக்கி விரல் நீட்டுவார். அதோ, அங்கேதான் என் வீடு. கேமரா விரலைத் தொடர்ந்து போகும். அங்கே தண்ணீர் இருக்கும். "விரல் ஷாட்" என்று டைரக்டர் அம்மா அதற்குப் பெயர் வைத்திருந்தார். "அந்த விரலோட பார்க்கிறவங்க மனசு நிறைஞ்சுடும். அப்புறம் யோசிக்க மாட்டாங்க. என் படத்துல அது வரக் கூடாது." ஆனால் புது ஊர்க்காரர்களுக்குக் கேமராவைக் கண்டாலே விரல் நீண்டது. எடிட்டர் விரல்களை வெட்டியே அலுத்துப்போனான். நீட்டாத ஒரே ஆள் மெஷினக்காதான். உங்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டதற்கு, "தெரியலையே" என்று சொல்லிவிட்டு நூல் கோக்கப் போய்விட்டார். எவ்வளவு பெரிய துக்கம் இருந்தால் ஒருத்தி இப்படிச் சொல்வாள் என்று எடிட்டர் அன்று நெகிழ்ந்துபோனான்.

மெஷினக்கா செயலாளரின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. கால்மிதித் தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, சுற்றிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர். படத்தின் கடைசிக் காட்சி அவருடையதுதான். டைரக்டர் அம்மாவின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்கும்: தண்ணி வந்த அன்னிக்கு என்ன நினைச்சீங்க? மெஷினக்கா ஒரு காலரைத் திருப்பிப் போட்டபடி, நிமிராமல் சொல்வார்: "என்னத்த நினைக்கிறது? தண்ணி தெளிச்சு விட்டாச்சுன்னு நினைச்சேன்." நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். நீண்ட மௌனம். 

இந்த வாக்கியத்தைக் கண்டெடுத்த நாளை எடிட்டர் மறக்கவில்லை. ஓர் ஊர் ஜனங்களை அரசாங்கம் கைகழுவியதற்கு, தண்ணீரில் மூழ்கடித்ததற்கு, இதைவிடப் பொருத்தமாக ஒரு வாக்கியத்தை யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. மெஷின் சத்தத்தை மெதுவாக இறக்கி, அடியில் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை ஏற்றி, மௌனத்தின் உச்சியில் வெட்டி, வானத்திலிருந்து எடுத்த நீர்த்தேக்கக் காட்சிக்குப் போனான். அலையில்லாத, ஈயம் போன்ற தண்ணீர். படம் முடியும். வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அனுப்புவதற்காக வசனங்களை மொழிபெயர்த்தவர், "எங்களைக் கைவிட்டுவிட்டார்கள்" என்ற பொருளில் போட்டிருந்தார். அதைப் பார்த்த நண்பன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். வெட்டுகிற வேலைக்கு வந்த பதினைந்து வருடத்தில் தான் செய்ததிலேயே சிறந்த வெட்டு அது என்று எடிட்டருக்குத் தெரியும். டைரக்டர் அம்மாவும் அதை இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். ஒருவருடைய காட்சியைக் காட்டப் போகும்போது எடிட்டர் தானும் வருகிறேன் என்று சொன்னது இதுவே முதல்முறை. அதைப் பார்க்கும்போது மெஷினக்காவின் முகத்தை அவன் பார்க்க விரும்பினான்.

வீடு இரண்டு அறை. முன்னறையை மெஷினும் துணியும் எடுத்துக்கொண்டது போக மனிதர்களுக்கு மிஞ்சியது கொஞ்சம். சுவரில் ஆணியடித்து அளவு நாடா, கத்தரிகள். கதவு மூலையில் வெட்டிய துண்டுகள் ஒரு மூட்டையாக. நீலமும் வெள்ளையுமாகப் பாதி தைத்த சட்டைகள் கயிற்றில் தலைகீழாகத் தொங்கின. மெஷினக்கா அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, மெஷின் பலகையின் மீதிருந்த துணியை அள்ளி, லேப்டாப் வைக்க இடம் செய்தார்.

"யாரு இந்தத் தம்பி? புதுசா இருக்காரு."

"எடிட்டர். உங்களை ரெண்டு வருஷமாப் பார்த்துட்டு இருக்காரு" என்றார் டைரக்டர் அம்மா.

"அய்யோ. ஜன்னல் வழியாவா?"

எடிட்டர் எல்லோருடனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் இந்தக் குரலை மானிட்டரில் இவ்வளவு விளையாட்டாகக் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை. ஒருவேளை அப்படிப்பட்ட இடங்களை அவன் வெட்டியிருக்கலாம்.

படம் ஓடத் தொடங்கியது. மெஷினக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன்னைப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்தார். "அந்தக் காலர் கோணலா இருக்கு. நாலு மாசம் கழிச்சுப் பிரிச்சுத் தைச்சேன், அதைப் போய்க் காட்டுறீங்களே. அந்தப் பையனோட அம்மா பார்த்தா அவ்வளவுதான்." கதவோரம் நின்றிருந்த செயலாளர், "அண்ணி, கதையைப் பாருங்க" என்றார். "கதை எனக்குத் தெரியும்டா. காலரைத்தான் மறந்துட்டேன்" என்றார் அவர்.

கடைசிக் காட்சி வந்தது. கேள்வி, பதில், பல்லால் அறுக்கும் நூல், ஜன்னல், மௌனம். தந்தி வாத்தியம் மெல்ல ஏறியது. எடிட்டர் திரையைப் பார்க்கவில்லை. கைபேசியை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி, பக்கவாட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈயத் தண்ணீர் வந்தபோது மெஷினக்காவின் தோள் குலுங்கியது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் எதிர்பார்த்ததும் அதுதான் என்று ஒரு கணம் நினைத்தான். அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"என்னங்க இது, எழவு வீடு மாதிரி? யாரு செத்தா?"

டைரக்டர் அம்மா லேப்டாப்பை நிறுத்தினார். "ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் குரல்.

"நான் அழுததா வச்சிருக்கீங்க. நான் அழவே இல்லையே."

"தண்ணி தெளிச்சு விட்டாச்சுன்னு சொன்னீங்க..."

"ஆமா, சொன்னேன். என்னைத் தெளிச்சு விட்டாச்சு, நான் போலாம்னு."

அந்த வாக்கியத்தை எடிட்டர் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பான். அதில் யார் தெளித்தார் என்று இல்லை. யாரைத் தெளித்தார் என்றும் இல்லை. அந்த இரண்டு காலி இடங்களிலும் அவனே ஆட்களை உட்காரவைத்திருந்தான்: அரசாங்கத்தை ஒன்றில், ஜனங்களை மற்றதில்.

மெஷினக்கா ஒரு சட்டைக் கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். கை சும்மா இருந்தால் அவருக்குப் பேச வராது என்பதும் எடிட்டருக்குத் தெரிந்த விஷயம்தான். "எங்கம்மா எங்கண்ணனைப் பத்திச் சொல்லும், அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சுன்னு. அவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டான். அம்மாவுக்கு அது துக்கம். அவனுக்கென்ன? சைக்கிளை எடுத்துட்டு ஊர் ஊராச் சுத்தினான். எனக்குப் பொறாமையா இருக்கும், என்னை ஒருத்தரும் தெளிச்சு விட மாட்டேங்கிறாங்களேன்னு. பொண்ணை யாரு தெளிச்சு விடுவாங்க? இந்த வீட்டுலேருந்து அந்த வீட்டுக்குக் கையில புடிச்சுக் குடுப்பாங்க."

"அண்ணி" என்றார் செயலாளர்.

"இருடா. அவங்க கேக்குறாங்க." சட்டைக் கையின் ஓரத்தை நகத்தால் நீவி மடித்தார். "அந்த வீட்டுல பதினாலு பேரு. ஆத்துலேருந்து மேட்டுக்குத் தண்ணி சுமந்து சுமந்து எனக்கு இந்தக் கழுத்து இப்படி ஆச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தைக்கத் தெரியும். மெஷின் கொண்டாந்தா, வீட்டுல தறி ஓடுற மாதிரி சத்தம், வேணாம்னுட்டாங்க இவங்கம்மா. அது எங்கம்மா வீட்டுப் பரண்லயே துருப்புடிச்சுது. அப்புறம் அணை வந்துச்சு. கவர்ன்மென்டுல ஜோடிக்கு ஒரு வீடுன்னு குடுத்தாங்க. ஜோடிக்கு ஒரு வீடு! எனக்குன்னு ஒரு கதவு. திறந்தா தெருக்குழாய். வயல் இல்ல, அவருக்கு வேலை இல்ல, யாராவது சம்பாதிக்கணும். மெஷின் உள்ள வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு நல்லவருதான். ஆனா அங்க இருந்தவரைக்கும் அவரு அவங்கம்மாவுக்கு மகன். இங்க வந்துதான் எனக்குப் புருஷன் ஆனாரு."

டைரக்டர் அம்மா எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் பேசியும் தனக்குக் கிடைக்காத ஒன்று இப்போது கிடைக்கிறது என்பதற்கான பரபரப்பு எதுவும் அவர் முகத்தில் இல்லை. "அப்போ இந்தக் காட்சியை என்ன பண்ணலாம்?" என்றார்.

"நான் சொன்னதை நான் சொன்ன மாதிரி வைங்க. இல்லன்னா எடுத்துடுங்க."

செயலாளர் உள்ளே வந்தார். அறையில் அவர் நிற்க இடம் இல்லாததால் துணி மூட்டையை ஒட்டி நின்று, டைரக்டர் அம்மாவிடம் பேசினார். "அக்கா, இருக்கிறபடியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு, பார்க்கிறவங்களுக்கு நெஞ்சு அடைக்குது. அர்த்தம் வேறன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் மெஷினக்கா.

"அண்ணி, அடுத்த மாசம் விசாரணை. அங்க உக்காந்து இருக்கிற அரசாங்க வக்கீல் என்ன சொல்லுவான்? பாருங்கய்யா, வீடு குடுத்தோம், குழாய் குடுத்தோம், அந்தம்மாவே சந்தோஷமா இருக்காங்க, இவங்களுக்கு எதுக்கு நிலம்னு கேப்பான். முப்பது வருஷம் நடந்த நடை, உங்க ஒரு வார்த்தையில போயிடும்."

"வக்கீலுக்குப் பயந்து நான் அழணுமா?"

"அழ வேணாம். சும்மா இருங்க. அந்த ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அப்படியே இருங்க."

"நான் ஜன்னலைப் பார்த்ததே பள்ளிக்கூடம் விட்டாச்சான்னு பார்க்கத்தான். அளவு எடுக்கப் பசங்க வருவாங்க."

எடிட்டர் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. டைரக்டர் அம்மாவிடம் தணிந்த குரலில், அந்த வாக்கியம் ஊருக்கே பொதுவாகப் பொருந்துகிறது, இவர் எந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தாலும் படத்துக்குள் அது வேறொரு உண்மையைச் சொல்கிறது, அது பொய்யில்லை என்றான். நன்றாகத்தான் வாதாடினான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது அரசாங்க வக்கீல் பேசுவது போலக் கேட்டது.

"பொருந்துது. அதான் பயமா இருக்கு" என்றார் டைரக்டர் அம்மா. பிறகு பையிலிருந்து கேமராவை எடுத்தார். ஆன் செய்யவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்வீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு நான் நகரத்துக்குப் போயிடுவேன். இந்தத் தெருவுல இருக்கப் போறது நீங்க."

மெஷினக்கா யோசித்தார். சட்டைக் கையை முழுவதும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். வெளியே குழாயடியில் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. அங்கே நிற்பவர்கள் அவரிடம் துணி கொடுப்பவர்கள், அவர் வீட்டில் விழுந்தபோது தூக்கிவிட்டவர்கள், கணவர் இறந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். நிலம் போனதைத் தவிர வேறெதையும் இந்தத் தெருவில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. அது ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அவர் அதில் கை வைக்கப் போகிறார்.

"எடுங்க" என்றார். "ஆனா இவனையும் எடுங்க. இவன் சொல்றதும் பொய்யில்ல. எந்தத் தண்ணி எனக்குக் குடுத்துச்சோ, அதே தண்ணிதான் இவன்கிட்டேருந்து எடுத்துச்சு."

சத்தம் பதிய ஆள் இல்லாததால் எடிட்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் குந்தினான். முதல்முறையாக அவன் வெட்ட முடியாத இடத்தில் இருந்தான். எல்லாம் முழு நீளத்தில் நடந்தது. மெஷினக்கா முன்பு சொன்னதையெல்லாம் சொன்னார். சில இடங்களில் முன்பைவிட மோசமாக, சில இடங்களில் மேலும் நன்றாக. நடுவில் வாசலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, சட்டை ஆயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனாள். செயலாளர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கேமரா தன் பக்கம் திரும்பியதும் அவர் வயலைப் பற்றிப் பேசுவார் என்று எடிட்டர் நினைத்தான். எந்த மண், எந்தப் பருவம், கரையில் எத்தனை மரம் என்று அவர் ஏற்கெனவே சொன்னதெல்லாம் அவனிடம் இருந்தது.

செயலாளர் காது மடலைத் தடவவில்லை. "அண்ணி அந்த வீட்டுல சிரிச்சு நான் பார்த்ததில்ல" என்றார். "அது எனக்கு அப்பவே தெரியும். ஒரே வீட்டுலதானே இருந்தோம், தெரியாம இருக்குமா? எங்கம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. இப்ப இதைச் சொல்ற இடம் இது இல்லன்னுதான் நான் சொல்றேன். நிலம் வரட்டும். வந்தப்புறம் சொல்லலாம்."

"நிலம் வர்றதுக்குள்ள நான் போயிட்டா?" என்றார் மெஷினக்கா.

செயலாளர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டைரக்டர் அம்மா நிறைய நேரம் கழித்தே கேமராவை நிறுத்தினார்.

திரும்பும் வழியில் வேனில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "கடைசியில வர்ற தண்ணியை எடுத்துடு." சிறந்த வெட்டு போவதைப் பற்றி எடிட்டர் ஏதாவது ஆறுதல் எதிர்பார்த்திருக்கலாம். அவர் பெருமூச்சுகூட விடவில்லை. ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வியப்பதா கோபப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் இரண்டு வருட உழைப்பின் உச்சியை ஒரு தையல்காரம்மா சிரித்ததற்காகக் கழற்றி வைத்துவிட்டு இப்படித் தூங்க முடிகிறவர்களை அவன் தன் தொழிலில் பார்த்ததில்லை.

படத்தை மறுபடி கட்ட நாட்கள் பிடித்தன. விழாவுக்கு அனுப்ப வேண்டிய தேதி போயிற்று. தந்தி வாத்தியம் போயிற்று. பழைய காட்சியை அவர்கள் அப்படியே விட்டார்கள், மௌனம் முழுவதுமாக. ஆனால் அதைத் தொடர்ந்து அவருடைய சிரிப்பு வந்தது, யாரு செத்தா என்ற கேள்வியோடு, ஏனென்றால் எடிட்டரே தன் கைபேசியில் அந்த முகத்தைப் பிடித்து வைத்திருந்தான், அழுகையைப் பிடிப்பதாக நினைத்து. மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் அழைத்து, "ஒரே வாக்கியம் ரெண்டு தடவை வருது, அர்த்தம் மாறுது, எதைப் போட?" என்று கேட்டார். "முதல்ல தப்பாப் போடுங்க. அப்புறம் அவங்களே திருத்துவாங்க" என்றார் டைரக்டர் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், புது ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நீண்ட வகுப்பறையில், ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிப் படத்தைப் போட்டார்கள். வெயிலில் போர்வைகள் சிவப்பும் பச்சையுமாக ஒளிர்ந்தன. முதல் பாதி முழுவதும் ஒரே கூச்சல். தங்களைத் தாங்களே அடையாளம் காட்டினார்கள். முட்டி வலிப் பெரியவர் தன் முட்டி வந்தபோது எழுந்து நின்று காட்டினார். மெஷினக்கா கடைசி வரிசையில், சுவரோரம், மடியில் ஒரு துணியோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் பேசத் தொடங்கியதும் கூச்சல் நின்றது. ஜோடிக்கு ஒரு வீடு என்று அவர் குரல் சொன்ன இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, திரையில் தன் நிழல் விழ, வெளியேறினார். இன்னும் இரண்டு மூன்று பேர் தொடர்ந்தார்கள். "அரசாங்கத்துக்குத் தையல் போடுறவ" என்று இருட்டில் யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மெஷினக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் செயலாளர் பேசினார். எங்கம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றபோது ஒரு கிழவி, படம் ஓடுவதையே மறந்து, "சொல்லியிருந்தா உன்னையும் சேர்த்து வெளுத்திருப்பா, பொல்லாதவ" என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிரித்துவிட்டு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போர்வைகளை அவிழ்த்ததும் வழக்கம்போல டைரக்டர் அம்மா, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஆண்கள் நிறையச் சொன்னார்கள். இந்தப் பகுதி வேண்டாம் என்றார்கள், விசாரணைக்கு வேறு பிரதி வேண்டும் என்றார்கள். ஒருவர் மெஷினக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். "யார்கிட்ட? அணைகிட்டயா?" என்று கேட்டார் மெஷினக்கா. அதற்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு, குழாயடியில் எப்போதும் சிரிக்கிற பெண் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "செயலாளரே, கேஸ்ல நிலம் யாரு பேருல கேட்டிருக்கீங்க?"

"குடும்பத் தலைவர் பேருல" என்றார் அவர்.

"அந்தத் தலைவரு யாரு?"

செயலாளர் வாயைத் திறந்தார். வகுப்பறையின் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே மெஷினக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். செயலாளர் திறந்த வாயை மூடிக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

அந்த மாதம் மூன்று தெருக்களிலிருந்து மெஷினக்காவுக்குத் துணி வரவில்லை. விசாரணை நாளன்று சங்கத்தின் வேனில் முதல்முறையாகப் பெண்களும் போனார்கள்; இடம் போதாமல் சிலர் பின்னால் பஸ்ஸில் வந்தார்கள். விசாரணை அறையில் திரை இல்லை என்பதால் படம் காட்டப்படவில்லை. நிலத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், கணவன் இல்லாத இடத்தில் மனைவி பெயரிலும் தர வேண்டும் என்று கேட்கும் புதிய மனுவைச் செயலாளர் கொடுத்தார். மனு பெற்றுக்கொள்ளப்பட்டது. விசாரணை, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.